மருத்துவ மாணவரும் பிளாஸ்டிக் சத்திர வைத்தியமும்
(அம்பிட்டியவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பேராதனையில் வைத்தியம் படிக்கும் எம்மை இங்கு பேச அழைத்தபொழுது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவோம் என்றே எண்ணியிருப்பீர்கள். நாம் எடுத்த பொருளைக் கேட்ட செயலாளர், "அது சினிமாக்காரர் மூக்கைத் திருத்தும் வித்தையல்லவா, தம்பி?" என்று சிரித்தார். சென்ற வருடம் வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

பிளாஸ்டிக் என்றதும் வாளியும் கதிரையுமே நினைவில் எழும். வார்த்து வடிவமைத்தல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. தீயில் வெந்த தோல், பிளந்து பிறந்த உதடு, இயந்திரத்தில் சிதைந்த கை ஆகியவற்றை மீண்டும் உருவாக்குவதே இத்துறையின் பெரும் பணி.

ஹந்தானை மலைப்பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த சிறுமி ஒருத்தியை வார்டில் கண்டோம். 2022ஆம் ஆண்டு நீண்ட மின்வெட்டு நிலவிய நாட்களிலே, லயத்துக் காம்பராவில் ஏற்றிவைத்த குப்பி விளக்குச் சரிந்து, மண்ணெண்ணெய் அவள் சட்டையிற் பற்றிக்கொண்டது. அயலவர் பற்பசை பூசினர். பின்னர் கொண்டுசென்ற வைத்தியசாலையிலே (பெயர் எதற்கு?) கழுவி, மருந்திட்டு, கட்டிவிட்டார்கள். புண் ஆறியது. ஆனால் அத்தனை நாளும் பிள்ளை தலையணை வைத்தே கிடந்தாள். குனிந்த கழுத்து குனிந்தபடியே இறுகிவிட்டது. நாம் கண்டபொழுது அவள் நாடி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வாயை முற்றாக மூட இயலாமல் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவள் தாய் முந்தானையால் அதைத் துடைத்தபடியே எம்மோடு பேசினார்.

அந்தக் கட்டைப் போட்ட வைத்தியரை நாம் பழிக்கவில்லை. ஆழமாக வெந்த புண் ஆறும்பொழுது தோல் சுருங்கும், கழுத்தை நிமிர்த்திக் கிடத்த வேண்டும், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் சிகிச்சைக்குக் காலந்தாழ்த்தாமல் அனுப்ப வேண்டும் என்பவற்றை எவரும் அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை போலும். எமது ஐந்தாண்டுப் படிப்பிலும் இத்துறைக்குக் கிடைப்பவை சொற்ப நாட்களே. "அது நிபுணர் வேலை" என்பார்கள். மெய்தான். ஆனால் நிபுணரைக் காணுமுன் நோயாளி காண்பது யாரை? நாளைக்கு ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் தனியே நிற்கப்போகும் எம்மைத்தானே!

எம் கையில் கத்தியைத் தாருங்கள் என்று கேட்கவில்லை. வெந்த இடத்தை 20 நிமிடம் ஓடும் நீரிற் பிடிப்பது, நோயாளியின் விரல்களோடு கூடிய உள்ளங்கை, உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்று கொண்டு காயத்தை அளப்பது, துண்டான விரலை ஈரத்துணியிற் சுற்றிப் பையிலிட்டு, அப்பையை ஐஸ்மேல் வைத்து அனுப்புவது (விரலை நேரே ஐஸிற் போட்டாற் காரியம் கெட்டது!). இவை போன்றவற்றை எமக்குக் கற்பித்தாற் போதும்.

மிஷன் பாடசாலையில் படித்த எமக்கு, நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த கதை மனப்பாடம். சுசுருதரின் பெயரை மருத்துவ பீடத்துக்கு வந்தபின்னரே அறிந்தோம். அதுவும் ஓர் ஆங்கில நூலிலே! மாணவன் எவ்வளவு கற்றவனாயினும் கை பழகாதவன் சிகிச்சைக்குத் தகான் என்பது அவர் கொள்கை. வெட்டிப் பழகப் பூசணியும் வெள்ளரியும், தைத்துப் பழகத் துணியும் மெல்லிய தோலும், அறுந்த காதைப் பொருத்திப் பழக இறைச்சித் துண்டும் அல்லித் தண்டும் என்று வகுத்திருக்கிறார். பாரத் தோடணிந்து காது அறுந்த பாட்டிமாரை அறிந்த உங்களுக்கு இதன் அருமை விளங்கும். நெற்றித் தோலை இறக்கி மூக்கமைக்கும் இந்திய முறையை 1794இல் லண்டன் சஞ்சிகையொன்று வெளியிட்டது. 1814இல் கார்ப்பியூ என்னும் வைத்தியர் அதை அங்கே செய்து காட்டினார். நாமோ இன்று வாழைப்பழத் தோலிலே தைத்துப் பழகுகிறோம். விடுதிச் சமையற்காரர் ஏசுகிறார்.

நம் நாட்டிலே இன்னொருவரையும் சொல்லவேண்டும். சத்திர வைத்தியர் விஜய கொடகும்புர, குப்பி விளக்கால் வெந்தவர்களுக்குச் சிகிச்சை செய்ததோடு நில்லாமல், அந்த விளக்கையே மாற்றினார். குட்டையான கனத்த கண்ணாடி, இரு பக்கம் தட்டை, திருகு மூடி: எளிதிற் சரியாது, சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. "சுதீப" என்னும் அவ்விளக்குக்காக 1998இல் ரோலக்ஸ் விருது பெற்றார். அதையும் எமது விரிவுரையிற் சேர்த்தால் என்ன?

அச்சிறுமிக்குக் கண்டியிலே சத்திர சிகிச்சை நடந்தது. இறுகிய வடுவை அறுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். கழுத்துப் பட்டியோடு பாடசாலைக்குப் போகிறாள். பிள்ளை வளர்வதுபோல் வடு வளராது. இன்னொரு முறை அறுக்க நேரலாம் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார்கள்.

துணிப்பொம்மை ஒன்று கொண்டுவந்திருக்கிறோம். கட்டுப் போடப் பழகுவதற்குச் சுசுருதர் சொன்னதும் பொம்மையைத்தான். கழுத்து வெந்த பிள்ளையை எப்படிக் கிடத்துவதென்று இப்பொழுது காட்டுகிறோம். தாய்மார் தயவுசெய்து முன்வரிசைக்கு வாருங்கள்.