போர்க்களக் காட்சிகளும் அனுமோதனை என்னும் மூன்றாம் வாயிலும்

(மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரரின் பிறந்த நாள் விழாவில் போரைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கொல்லாமையைத் தலைமையான அறமாகக் கொண்ட நம் வீடுகளில், இரவு உண்ணாத, கிழங்கு தவிர்க்கும் நம் குடும்பங்களில், இன்று கைபேசித் திரையின் வழியாகக் கொலை நுழைந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்ட மனம் என்ன ஆகிறது என்பதை நம் ஆகமத்தின் அளவுகோல் கொண்டே பார்க்க விரும்புகிறேன்.

இம்சை மூன்று வழிகளில் நிகழும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் உபதேசம். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். இவற்றைக் கிருதம், காரிதம், அனுமோதனை என்பர். மனம், வாக்கு, காயம் மூன்றாலும் இவை நிகழும். முதல் இரண்டு வாயில்களை நாம் ஓரளவு அடைத்துவிட்டோம். மூன்றாவதான அனுமோதனையைப் பெரும்பாலும் உணவோடு நிறுத்திக்கொள்கிறோம். அது உணவைக் காட்டிலும் மிகப் பரந்தது.

நம்முடைய ஊர்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் இருக்கின்றன. இலங்கைப் போர் நமக்குச் செய்தித்தாளில் வந்த செய்தி. அடியேன் ஆசிரியப் பணியின் பொருட்டு 2008 முதல் சில ஆண்டுகள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலாடியில் இருந்தேன். அங்கே அது அண்டை வீட்டுத் துயரம். கடலாடி கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊர். ஆனால் மூக்கையூர், வாலிநோக்கம் முதலிய அவ்வட்டத்துக் கரை ஊர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கின்றன. கிழக்கே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் படகேறி வந்தவர்களை மண்டபம் முகாம் ஏற்றது. அதே முகாம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். போன வழியே திரும்பி வந்தவர்கள் அவர்கள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், கைகள் கட்டப்பட்ட மனிதர்கள் சுடப்படும் கைபேசிப் படக்காட்சி ஒன்றைப் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி வெளியிட்டது. 2011 ஜூனில் ஒரு முழு ஆவணப்படமே வந்தது. 2013 பிப்ரவரியில் புலிகள் தலைவரின் 12 வயது மகனுடைய படங்கள் வந்தன. ஒன்றில் அந்தச் சிறுவன் எதையோ தின்றபடி அமர்ந்திருக்கிறான். அடுத்ததில் மார்பில் குண்டுகளோடு கிடக்கிறான்.

இவற்றை அங்கே பார்க்காதவர் இல்லை. தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் கைபேசிகள் கைமாறின. எனக்கு முதலில் வந்தது உடல் நடுக்கம். அன்று உணவு இறங்கவில்லை. அடுத்து வந்தது சினம். இவ்விரண்டையும் நான் குறையென்று சொல்லமாட்டேன். அந்தச் சிறுவனைப் பார்த்து நெஞ்சு கலங்காதவனுக்கு ஜீவதயை என்ற சொல்லே பொருள்படாது.

ஆனால் சினத்தின் பின்னே மூன்றாவதாக ஒன்று வருகிறது. கடற்கரை ஊரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன், “அவுகளுக்கும் இப்படி ஒரு நாள் வரணும் சார்” என்றான். அவனுடைய தந்தை நடுக்கடலில் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் இருந்து மீண்டவர். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. “அவுக என்றால் யார் தம்பி? சுட்டவனா, சுடச் சொன்னவனா, அங்கே பள்ளிக்கூடம் போகும் உன் வயதுப் பிள்ளையா?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. பின்பு, “சுடச் சொன்னவன் சார்” என்றான்.

துயரம் சினமாகி, சினம் இன்னொரு கொலைக்கு உடன்படும் இடமே அனுமோதனை. ஒரு செய்தியைக் கவனியுங்கள். அப்படக்காட்சிகளுள் பல, கொன்ற தரப்பினரே வெற்றிச் சின்னமாகத் தங்கள் கைபேசியில் எடுத்தவை என்று அவ்வாவணப்படம் காட்டியது. கொன்றவன் செய்தது கிருதம்; கட்டளையிட்டவன் செய்தது காரிதம்; படமெடுத்து மகிழ்ந்தவன் செய்தது அனுமோதனை. பார்க்கின்ற நாம், மறுபக்கத்தார் இவ்வாறு சாவதைப் பார்க்கவேண்டும் என விரும்பினால், அப்படமெடுத்தவன் நின்ற இடத்திலேயே போய் நின்றுவிடுகிறோம். பகை மாறுகிறது, நிற்கும் இடம் மாறவில்லை.

இதன் விளைவைத் தமிழகம் கண்டது. 2012 செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் வந்த இலங்கை யாத்திரிகர்களின் பேருந்துகள் தாக்கப்பட்டன. 2013 மார்ச்சில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த இலங்கைப் பௌத்தத் துறவி ஒருவர் தாக்கப்பட்டார். இரண்டு நாளில் சென்னையில் மற்றொரு துறவியும் தாக்கப்பட்டார். முள்ளிவாய்க்காலில் யார் மீதும் குண்டு வீசாதவர்கள் இவர்கள். அதே மார்ச்சில் சென்னையில் மாணவர்கள் நீதி கேட்டு உண்ணாநோன்பு இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரே காட்சியைக் கண்ட இரு கூட்டத்தார், இரு வழியில் சென்றார்கள்.

நம் சமயத்தின் பழைய வரலாற்றிலும் இதற்கோர் எச்சரிக்கை உண்டு. இலங்கையின் மகாவம்சம், பாண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தில் நிகண்டர்களுக்கு, அதாவது நம் துறவியருக்கு, உறைவிடம் அமைத்தான் என்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் தமிழ்ப் படையிடம் தோற்று ஓடியபோது, கிரி என்னும் நிகண்டர் அவனைப் பார்த்து எள்ளிக் கூவினாராம். மன்னன் மனத்தில் வைத்துக்கொண்டான். மீண்டும் ஆட்சியைப் பிடித்ததும் அந்தப் பள்ளியை இடித்து, அங்கே அபயகிரி விகாரத்தைக் கட்டினான். இது பௌத்தர் எழுதிய நூல். அதன் சார்பு அதற்கு இருக்கும். இடித்தவன் செய்தது கொடுமையே. எனினும், தோற்றோடும் ஒருவனைக் கண்டு ஒரு துறவியின் நா மகிழ்ந்தது என்ற செய்தி நம்மை உறுத்தவேண்டும். அது வாக்கினால் ஆன அனுமோதனை.

“நான் யாரையும் தாக்கவில்லையே, படத்தைப் பார்த்து ஏதோ நினைத்தேன், அவ்வளவுதானே?” என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்ல நம்மிடம் யசோதர காவியம் இருக்கிறது. யசோதரன் உயிர்க்கொலைக்கு அஞ்சியவன். தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் உயிருள்ள கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை. ஆயினும் வெட்டும் எண்ணம் உள்ளே இருந்தது. அதனால் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகள் எடுத்து உழன்றார்கள். மாக்கோழி ஓர் உருவம்; கைபேசியில் தெரிவதும் ஓர் உருவம். உருவத்தின் முன்னே மனம் எதைச் செய்கிறதோ அது வினையாகும்.

அப்படியானால் பார்க்காமலே இருந்துவிடலாமா? நம்மில் பலர் தேரும் வழி அதுதான். “அது அரசியல், நமக்கெதற்கு?” என்று ஒதுங்குகிறோம். கண்ணை மூடுவது அகிம்சை ஆகாது. மைத்திரி, பிரமோதம், காருண்யம், மாத்யஸ்தம் என்ற நான்கு பாவனைகளைத் தத்வார்த்த சூத்திரம் கூறுகிறது. துன்புறும் உயிர்களிடம் வைக்கச் சொன்னது காருண்யம். மாத்யஸ்தம் என்னும் நடுநிலை, திருத்தவியலாத தீயோரிடம் பகை கொள்ளாதிருத்தற்கே சொல்லப்பட்டது. துன்புறுவோரிடம் நடுநிலை காட்டுமாறு நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே பார்க்கவேண்டும், முழுமையாகப் பார்க்கவேண்டும். இங்கேதான் அநேகாந்தம் துணைவருகிறது. இரு தரப்பும் சமம் என்று சொல்லி நழுவுவது அநேகாந்தமன்று. எந்தப் படம் வந்தது, எந்தப் படம் வரவில்லை என்று கேட்பது அநேகாந்தம். 1985 மே மாதம் அனுராதபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பொதுமக்களின் படம் நமக்கு வருவதில்லை. 1987 ஜூனில் அரந்தலாவையில் பேருந்தில் கொல்லப்பட்ட இளம் பிக்குகளின் படமும் வருவதில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்கள் தமிழ் பேசியவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். மறுபுறம், 1995 ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர் மீது குண்டு விழுந்ததைத் தென்னிலங்கையில் எத்தனை பேர் பார்த்திருப்பர்?

ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. தாக்குதல் அற்ற பகுதி என்று அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் அரசுப் படை குண்டு பொழிந்தது என்றது. புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தினர், தப்பியோட முயன்றோரைச் சுட்டனர் என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. முதற்பகுதியை மட்டும் படிப்பவரும் இரண்டாம் பகுதியை மட்டும் படிப்பவரும் செத்தவரைப் பாதியாகவே எண்ணுகிறார்கள்.

இனி, சுடச் சொன்னவர்கள் யார் என்ற கேள்வி. பரதனும் பாகுபலியும் படைகளோடு எதிர்நின்ற வரலாறு நாம் அறிந்ததே. அமைச்சர்கள் இடைபுகுந்து, உங்கள் இருவரின் வழக்குக்காக இத்தனை வீரர் ஏன் சாகவேண்டும் என்று தடுத்தனர். கண்போர், நீர்ப்போர், மற்போர் என அரசர் இருவருமே மோதினர். வென்ற பாகுபலியும் வெற்றியைத் துறந்து தவத்தில் நின்றார். கடலாடியிலிருந்து சென்று கண்டுவரத்தக்க கழுகுமலைப் பாறையில் அவர் திருவுருவம் இருக்கிறது. இக்காலப் போரில் அந்த அமைச்சர்கள் இல்லை. முடிவெடுப்போர் களத்தில் நிற்பதில்லை.

நம் நாட்டின் பங்கையும் மறைக்கலாகாது. 1983க்குப் பின் போராளி இயக்கங்களுக்கு இந்தியாவில் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. 1987 ஜூலை ஒப்பந்தத்திற்குப் பின் சென்ற அமைதிப்படை அதே இயக்கத்தோடு போரிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், தமிழ்ப் பொதுமக்களும் மாண்டனர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தோரும் கொல்லப்பட்டனர். அதற்குப் பின் முகாமிலிருந்த ஏழை அகதிகள் ஐயத்தோடு நோக்கப்பட்டார்கள். 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமை அவையில் இலங்கை அரசின் தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2012, 2013இல் எதிர்த்து வாக்களித்து, 2014இல் விலகி நின்றது. இறந்தவர் மாறவில்லை, வாக்குகள் மாறின. படங்களைக் காட்டி நம் சினத்தைக் கேட்போரிடம், இச்சினத்தைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சினத்துக்கு நம் அறம் காட்டும் போக்கிடம் தானம். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நான்கனுள் அபய தானமே அஞ்சி வந்தவருக்கு நாம் தரவேண்டியது. 2022 மார்ச்சிலும் பசியால் விரட்டப்பட்டுத் தனுஷ்கோடி மணல்திட்டில் குடும்பங்கள் வந்து இறங்கின. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் மண்டபத்தில் மட்டும் இல்லை. நாம் வாழும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலும் இருக்கின்றன. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் உறுதிப்படாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தோருள் சமணரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களை அது குறிக்கவில்லை. நம் பெயர் எழுதப்பட்ட சட்டத்தில் நம் கரைக்கு வந்தவரின் பெயர் இல்லையே என்று கேட்கும் கடமை மற்றவரைவிட நமக்கு மிகுதி.

இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கொலைக்காட்சி வந்தால், சான்றாக உரியவரிடம் சேர்க்கவேண்டியதாக இருந்தாலன்றிப் பிறருக்கு அனுப்பாதீர்கள். இறந்தவரின் உடல் யாருடைய கொடிக்கும் கம்பமன்று. பார்த்துவிட்டால் அன்றைய சாமாயிகத்தில் அமர்ந்து, என் மனம் யாருடைய சாவை விரும்பியது என்று சோதியுங்கள். அருகிலுள்ள முகாமில் கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கும் ஒரு பிள்ளையைக் கண்டறிந்து, அறக்கட்டளையின் கல்வி உதவியில் அவர்களுக்கும் இடம் தருமாறு கேளுங்கள். அறங்காவலர்கள் மேடையில் இருக்கும்போதே இதைச் சொல்லிவைக்கிறேன்.

போரை நிறுத்தும் வல்லமை நமக்கு இல்லாதிருக்கலாம். நம் உள்ளத்தின் உடன்பாட்டைத் தர மறுக்கும் வல்லமை ஒவ்வொருவருக்கும் உண்டு. பகவான் மகாவீரர் இல்லறத்தார்க்கு அருளிய அணுவிரதம் அங்கிருந்தே தொடங்குகிறது. எல்லா உயிர்களும் இன்புறுக.