நோய் வந்த பின்னும் புகையை விடலாம்

(சைனிக்புரியில் உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"புற்றுநோய்தான் வந்துவிட்டதே, இனிப் பீடியை விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று பல வீடுகளில் பேசுகிறார்கள். இது தவறான பேச்சு. நோய் கண்ட பிறகு புகையை விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியிருக்கிறார். அறுவைப் புண் விரைவில் ஆறும். கதிர்வீச்சு சிகிச்சை நன்கு பலிக்கும். வேறோர் இடத்தில் புதிதாகப் புற்று தோன்றும் அபாயம் குறையும்.

நம் ஹைதராபாத்தின் சார்மினார் பெயரிலேயே சிகரெட் செய்து விற்றது வஜீர் சுல்தான் கம்பெனி. லாபம் முதலாளிக்கு, இருமல் தொழிலாளிக்கு! ஆகவே நோயாளியை ஏசாதீர்கள். நிகோடின் உடலைப் பிடித்த பிடி. மனிதனின் குணக்கேடு அல்ல. விட்ட முதல் வாரங்களில் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் எதிரே யாரும் புகைக்கக் கூடாது. மீண்டும் ஒருநாள் பற்றவைத்துவிட்டால், மறுநாளே திரும்ப முயலச் சொல்லுங்கள்.

ரெட்ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பீடிப் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பழக்கத்தை விடவும் மருந்து உண்டு. அதை அவர் சொற்படி எடுக்கலாம். மத்திய அரசின் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை. தமிழிலும் ஆலோசனை கேட்கலாம்.

தெலுங்கு தெரியாமல் ஆஸ்பத்திரிக்குத் தயங்குவோர் சங்கத்தில் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வருவோம்.