பிடித்த பணம் யாருடையது?

(தேஹு ரோடு தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலருக்கு இந்த மண்ணில் இது இரண்டாவது, மூன்றாவது தலைமுறை. ராணுவத் தளவாடக் கிடங்கை நம்பி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று பிம்ப்ரி, போசரி, சாக்கன், தளேகாவ் தொழிற்பேட்டைகளில் கான்ட்ராக்ட் தொழிலாளிகளாக நிற்கிறார்கள். சொந்த ஊருக்குப் போனால் நாம் பூனாக்காரர்கள், இங்கே மதராசிகள். இரண்டு ஊரிலும் ஆஸ்பத்திரியில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கார்டு இருக்கிறதா?"

அந்தக் கார்டுகளைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். எது யாருக்கு, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பது தெரியாமல்தான் நம் குடும்பங்கள் வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்க்கின்றன.

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். பெயரை வெட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்ட குடும்பத்துக்கு அது கிடையாது. மகாராஷ்டிரத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டம் உண்டு. அதற்கு இந்த மாநில ரேஷன் அட்டையோ குடியிருப்புச் சான்றோ வேண்டும். அங்கே வெட்டி இங்கே சேர்க்காமல் விட்ட குடும்பம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

மூன்றாவது கார்டு இ.எஸ்.ஐ. அதற்குப் பிறந்த ஊர் எது, தாய்மொழி எது என்ற கேள்வியே இல்லை. சம்பளம் வாங்குகிற தொழிலாளி என்பதே தகுதி. இந்தியா முழுவதற்கும் ஒரே எண் செல்லும். அரசு போடும் பிச்சையாக அதை எண்ண வேண்டாம். நம் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தில் நடப்பது அது.

கணக்கைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 75 பைசா. முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். அதற்கு முன் நாம் 1.75, அவர்கள் 4.75 கட்டினோம். மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்றால் நம்மிடம் பிடிக்க வேண்டியது 120 ரூபாய். முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது 520. மொத்தம் மாதம் 640, வருடத்துக்கு 7,680 ரூபாய். முதலாளியின் பங்கையும் சேர்த்து நம் கூலியிலேயே வெட்டுகிற கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். சம்பளச் சீட்டில் 120க்குப் பதில் 640 பிடித்திருந்தால் அங்கேயே கேட்க வேண்டும்.

இந்த உரிமை தானாக வந்து விழவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்க 1943இல் பேராசிரியர் அதார்க்கர் நியமிக்கப்பட்டார். 1944இல் அறிக்கை தந்தார். 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. அதே அம்பேத்கர்தான் 1954 டிசம்பர் 25இல் நமது தேஹு ரோட்டுக்கு வந்து புத்தர் சிலையை நிறுவினார். 2025 நவம்பர் 21இல் பழைய சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் சந்தா கட்டும் கடமை மாறவில்லை.

கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும்? தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு. முதல் இரண்டு பிரசவங்களுக்குப் பெண் தொழிலாளிக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டால் நூற்றுக்கு 90 பங்கு. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும். மனைவி மக்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்கு அங்கேயே ஒரு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் நோய்க்காலப் பணத்துக்கு ஒரு நிபந்தனை. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். 120 நாள் உழைத்தவனுக்கு 60 நாள் என்று எழுதினால் நோய் வந்த அன்று கை வெறுங்கை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட்டாலும் பழைய நாட்கள் சேராமல் போகும். ஆகவே பழைய எண்ணையே கொடுங்கள்.

வெளிநாட்டு நிலையையும் பார்ப்போம். ஜெர்மனியில் வேலை செய்யும் அந்நியரும் அந்நாட்டவரைப் போலவே பொதுக் காப்பீட்டில் சேர்கிறார். அடிப்படைச் சந்தா நூற்றுக்கு 14.6, அதை முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதியாகக் கட்டுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு முதலாளியே காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அது வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. கடல் கடந்தவனுக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால் சொந்த நாட்டில் மாநிலம் கடந்தவன் கையேந்தி நிற்கலாமா?

இ.எஸ்.ஐ. எட்டாத வீட்டு வேலைப் பெண்கள், கொத்து வேலைக்காரர்கள், சிறு கடைப் பையன்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு ரேஷன் அட்டைதான் வழி. அதை முடித்துக் கொடுப்பது சங்கத்தின் வேலை. 2011 கணக்கெடுப்பின்படி ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருக்கும் குடும்பம் எந்த மாநிலத்திலும் அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 70 வயது கடந்த பெரியவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமானம் பார்க்காமல் அந்தக் கார்டு உண்டு.

தோழர்களே, செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு, ஒரு மாதச் சந்தாவை மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதன் பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்கார்த்தி, உங்கள் எண்ணைப் போட்டு, எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பாருங்கள். மூன்று, ஏறவில்லை என்றால் தனியாகப் போகாதீர்கள். தனி ஆள் கேட்டால் மறுநாள் கேட்டில் நிறுத்துவார்கள். பத்துப் பேர் சீட்டோடு போனால் பதில் சொல்வார்கள். கான்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் வேலை வாங்கிய கம்பெனி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

நம் வேர்வையில் பிடித்த பணம் நமக்கு மருந்தாகத் திரும்பி வர வேண்டும். வரும் ஞாயிறு சங்கத்தில் கூடும்போது வெறுங்கையோடு வராதீர்கள். சம்பளச் சீட்டோடு வாருங்கள். கணக்கை உட்கார்ந்து பார்ப்போம்.