பொருதலும் பொழிதலும்: வான்போர் என்னும் சொல்லின் பொருள்



கோலா கிளாவாங்கைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்கு விமானம் என்றதும் பயணம் நினைவுக்கு வரும். உங்கள் முன்னோர் தலைமுறைக்கோ அவ்வொலி அச்சத்தைத் தந்தது. அவ்வச்சத்தை நாம் ‘வான்போர்’ என்கிறோம். அச்சொல் பொருந்துமா என்பதே இன்றைய வினா.

போர் என்பது ‘பொரு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. பொருதல் என்றால் ஒன்றோடொன்று மோதுதல். ‘பகைவனொடு பொருதான்’ என்கிறோம். ஒடு என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு எதிர்நிற்பவனையும் வினையில் பங்காளி ஆக்குகிறது. தொல்காப்பியம் கூறும் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை ஆகிய திணைகளிலும் இரு தரப்பு உண்டு. நிற்க நிலம் உண்டு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு பாயுமுன் பெண்டிர், பிணியாளர் முதலியோரை அரண் தேடிச் செல்லுமாறு அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகிறார்.

குண்டுக்கு நாம் வழங்கும் வினை ‘பொழிதல்’. ‘நகரின்மீது குண்டு பொழிந்தனர்’ என்கிறோம். ‘ஒடு’ மறைந்து ‘மீது’ வந்துவிடுகிறது. அம்புமழை பொழிந்த வில்லாளியும் உண்டு. ஆனால் அவன் எதிரே மற்றொரு வில்லாளி நின்றான்.

நம் நாட்டு வரலாற்றில் அடுத்தடுத்த இரு நாள்கள் இவ்வேறுபாட்டைக் காட்டும். 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடற்பரப்பில் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கப்பல்களும் பீரங்கிகளால் எதிர்த்துச் சுட்டன, அது பொருதல். மறுநாள் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மக்கள் தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து வேடிக்கை பார்த்தனர். அவர்கள்மீது குண்டுகள் விழுந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்கள் யாரொடு பொருதார்கள்?

பெயரிடும் உரிமையும் மேலிருப்பவரிடமே இருந்தது. 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் நிகழ்ந்ததைப் பிரிட்டிஷ் ஆட்சி ‘போர்’ என்னாமல் ‘அவசரகாலம்’ என்றது. ஆயினும் குண்டுவீச்சு விமானங்கள் காடுகளின்மேல் பறந்தன. சீனம், மலாய், தமிழ் ஆகிய மொழிகளில் துண்டறிக்கைகளும் வானிலிருந்து விழுந்தன; ஒலிபெருக்கி பூட்டிய விமானங்கள் சரணடையச் சொல்லி முழங்கின. மொழியும் அங்கே ஒருவழிப் பாதையாயிற்று.

ஆகவே வான்போரின் இயல்பை உயரமோ வேகமோ மட்டும் விளக்கிவிடாது. தாக்குவோன் முகம் காண்பதில்லை. தாக்கப்படுவோன் எதிர்நிற்க இயலுவதில்லை. அதுவே அதன் தனித்தன்மை.

ஆசிரியர்களே, ‘வான்வழித் தாக்குதல் நடைபெற்றது’ என்று செய்தி வரும்போது அதை வகுப்பில் இலக்கணப் பயிற்சியாக எழுதிப்போடுங்கள். அத்தொடரில் தாக்கியவரும் இல்லை, மாண்டவரும் இல்லை. மழை பெய்ததுபோல் ஒரு நிகழ்ச்சி மட்டுமே உண்டு. ‘யார் தாக்கினார்? யார்மீது?’ என்று மாணவர் கேட்கட்டும். விடுபட்ட கருத்தாவையும், ‘மீது’ என்பதற்கு முன்னே நிற்கவேண்டிய மனிதரையும் தொடருக்குள் மீட்டுக் கொணர்வது இலக்கணம் கற்றோர் செய்யக்கூடிய அறம்.