ஆறுமணிக் குருவி

வீட்டு வளவில் காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையொலி கேட்குமாயின், அது பெரும்பாலும் ஆறுமணிக் குருவியின் குரலே. பச்சை முதுகு, இறக்கையில் நீலத்திட்டு, கண்ணை ஊடறுக்கும் கருங்கோடு, கட்டை வாலின்கீழ்ச் செந்நிறம் ஆகியன அதன் அடையாளங்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் இக்குருவி, ஐப்பசியளவில் இலங்கைக்கு வந்து, சித்திரையளவில் வடக்கே மீளுகின்றது. அந்நெடும்பயணத்திற்கு வேண்டிய வலிமையை அது பெறுவது மரநிழற் சருகுகளிலிருந்தேயாம். அவற்றைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று உடல் தேறுகின்றது. முற்றத்தைக் கூட்டுதல் நன்று. ஆயின், வளவுச் சருகு முழுவதையும் கூட்டி எரிப்போர் அவ்விருந்தாளியின் கட்டுச்சோற்றையே எரிக்கின்றனர். வேலியோரச் சருகையேனும் பங்குனி முடியும்வரை விட்டுவைத்தல் நல்ல வழியனுப்புதலாகும்.