இலாடச் சிறுநீரகம்



குதிரையின் குளம்பில் அடிக்கும் இலாடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வடிவில் ஓர் உறுப்பு மனித உடலுக்குள்ளும் அமைவதுண்டு. ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் இத்தகைய சிறுநீரகத்தோடு பிறக்கின்றனர். பெண்களைவிட ஆண்களிடம் இது ஏறக்குறைய இரு மடங்கு மிகுதி. ஆயிரம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இருவர் இவ்வாறு இருக்கக் கூடும். அவர்களே அதை அறியாமலும் இருக்கக் கூடும். ஆகவே இதைப்பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன் தரும்.

கிராமத்தார் குண்டிக்காய் என்று வழங்கும் சிறுநீரகங்கள் நமக்கு இரண்டு. முதுகெலும்பின் இரு பக்கத்திலும், கடைசி விலா எலும்புகளின் மறைவிலே, அவரை விதை போன்ற வடிவில் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் உள்ளது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இவை குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியே அனுப்புகின்றன.

இவை பிறப்பிடத்திலேயே தங்கியவை அல்ல. கரு உருவான இரண்டாம் மாதத்தில் இடுப்புக் குழியிலே அருகருகே தோன்றி, பின்னர் மெல்ல மேலேறித் தத்தம் இடத்தை அடைகின்றன. சிலருக்கு அந்தத் தொடக்க நிலையிலேயே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் கீழ்முனைகளே ஒட்டுகின்றன. இவ்வாறு ஒட்டிய உறுப்பு மேலேறும்போது, பெருந்தமனியிலிருந்து முன்புறமாகப் பிரியும் ஒரு குருதிக்குழாய் குறுக்கே நின்று அதைத் தடுத்துவிடுகிறது. அதனால் சிறுநீரகம் வழக்கமான இடத்தைவிடத் தாழ்ந்து, முதுகெலும்பின் முன்னே, வளைந்த இலாடம்போல் நின்றுவிடுகிறது.

இது நோயா என்று நீங்கள் கேட்கலாம். அமைப்பு வேறுபாடு என்பதே பொருத்தம். பலர் எத்தொல்லையும் இன்றி முதுமை வரை வாழ்கின்றனர். வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கும்போதுதான் இது வெளிப்படுகிறது. ஆனால் சிலருக்குத் தொல்லை உண்டு. சிறுநீரை இறக்கும் குழாய்கள், ஒட்டிய பகுதியின்மேல் வளைந்து ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வளைந்த வாய்க்காலில் நீர் தேங்குவது இயல்பு அன்றோ? தேங்கினால் சிறுநீரகம் வீங்கும், கிருமிகள் பெருகும், உப்புகள் படிந்து கல்லாகும்.

எனவே தோன்றும் அறிகுறிகள் இவை: வயிற்றிலோ விலாப்புறத்திலோ விட்டுவிட்டு வரும் வலி, குமட்டல், வாந்தி, குளிர்காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், சிறுநீரில் குருதி. சிறுநீரகம் தாழ்ந்தும் முன்தள்ளியும் இருப்பதால் வலி தொப்புளைச் சுற்றியும் வரும். ஆகையால் அதை அசீரணம் என்றோ குடல்வால் வீக்கம் என்றோ மயங்குவது எளிது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். உடற்பயிற்சி வகுப்பில் பின்புறமாக வளையச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ‘பாசாங்கு’ என்றார் ஆசிரியர் ஒருவர். அதற்கு முந்திய ஓராண்டில் மூன்று முறை அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தது என்பதை வருகைப் பதிவேடு காட்டியது. நான் அவன் தாயாரை வரவழைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி சொன்னேன். நானும் உடன் சென்றேன்.

அந்த மருத்துவர் கருவியைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத் தொடுத்தார். வலி முதலில் எப்போது வந்தது? எந்த இடத்தில் தொடங்கி எங்கே பரவுகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? நிறைய நீர் குடித்தபின் மிகுகிறதா? காய்ச்சலோடு நடுக்கம் உண்டா? சிறுநீரின் நிறம் மாறியதா? வயிற்றில் அடிபட்டதுண்டா? குடும்பத்தில் யாருக்கேனும் கல் இருந்ததா? பையன் தயங்கித் தயங்கி, சிறுநீர் இருமுறை சிவந்ததைச் சொன்னான். வெட்கத்தினால் தாயிடம்கூட அதை அவன் சொல்லவில்லை. அந்த ஒரு விடையே வழியைக் காட்டிற்று.

பின்னே வளையும்போது வலிப்பதை டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் ரோவ்சிங் இவ்வுறுப்போடு சேர்த்துக் குறித்திருக்கிறார். ஆயினும் அது எல்லாருக்கும் வருவதில்லை. அது மட்டுமே சான்றும் ஆகாது. படமே முடிவு சொல்லும். 1895இல் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். 1929இல் நரம்பில் செலுத்தும் மருந்தினால் சிறுநீர்ப் பாதையைப் படத்தில் காட்டும் முறை வந்தது. இன்று ஒலி அலைப்படமும் சி.டி. படமும் வலியின்றி அதைக் காட்டுகின்றன. அந்த மாணவனின் படத்தில் இலாட வடிவமும் இடப்புறத்தில் ஒரு கல்லும் தெரிந்தன. கல்லை அகற்றினர், அடுத்த ஆண்டு அவன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினான்.

ஒட்டிய சிறுநீரகத்தைப் பொதுவாகப் பிரிக்க வேண்டியதில்லை. தொல்லைக்கே மருத்துவம்: தொற்றுக்கு மருந்து, கல்லுக்கு அதிர்வலை அல்லது நுண்துளை அறுவை, குழாயில் அடைப்பு இருந்தால் அதைச் சீராக்கும் அறுவை. முதுகெலும்பின்மேல் படிந்து விலா எலும்பின் காப்பின்றி இருப்பதால் வயிற்றில் படும் அடி இவ்வுறுப்பை எளிதில் காயப்படுத்தும். முட்டி மோதும் விளையாட்டில் இறங்குமுன் மருத்துவரைக் கேட்பது நலம். போதிய நீர் அருந்துவதும் குறித்த காலத்தில் மருத்துவரிடம் காட்டுவதும் தேவை.

மாணவர்களே, உடலில் நேர்வதைக் கவனித்து, நாளோடும் நேரத்தோடும் குறித்து, மறைக்காமல் சொல்லப் பழகுங்கள். சிறுநீரைப்பற்றிப் பேசுவதில் இழிவு ஏதும் இல்லை. அருகில் அமர்ந்திருக்கும் தோழன் வலிக்கிறது என்றால் சிரிக்காதீர்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அவனை அழைத்துச் செல்லுங்கள். வலியை அளக்கும் கோல் அதை அனுபவிப்பவனிடமே இருக்கிறது. அவன் சொல்லைக் கேட்பதே மருத்துவத்தின் முதற்படி.