கடவுச்சீட்டில் உள்ள கல்: யெலிங் தேவாலயம்

(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹேர்னிங்கில் இருந்து வைலவுக்கு ரயிலில் போகிற நாங்கள் எத்தனையோ தரம் யெலிங் ஸ்ரேசனைக் கடந்திருக்கிறம். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அந்த ஊர்க் கல்லை எங்களில் கனபேர் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தவர்கள்தான். 1997இல் இருந்து டெனிஷ் கடவுச்சீட்டில் அச்சிட்ட படம் அந்தக் கல்லில் செதுக்கிய யேசுவின் உருவம். நன்றாகப் பாருங்கோ, அதில் சிலுவை இல்லை. கையை விரித்து, கொடிகளுக்குள் சிக்கினவர் மாதிரி நிற்கிறார்.

கல்லை நிறுத்தியவன் ஹரால்ட் புளோதான் என்ற அரசன். ஏறத்தாழ 965ஆம் ஆண்டு. தகப்பன் கோர்மையும் தாய் தீராவையும் நினைத்து வைத்ததாகவும், டென்மார்க்கையும் நோர்வேயையும் தான் வென்றதாகவும், டெனிஷ்காரரைக் கிறிஸ்தவர் ஆக்கியதாகவும் றூண் எழுத்தில் வெட்டுவித்திருக்கிறான். தாய் தகப்பனுக்கு வைத்த கல்லில் தன் பெருமையையும் சேர்த்துக்கொண்டான், அரசர்கள் எங்கும் ஒன்றுதான்! பிள்ளைகளே, உங்கட தொலைபேசியில் இருக்கிற ‘புளூடூத்’ இவனுடைய பட்டப்பெயர். அந்த அடையாளமும் இவன் பெயரின் இரண்டு றூண் எழுத்துக்களைச் சேர்த்ததுதான்.

கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளைத் தேவாலயம் 1100 அளவில் கட்டியது. கோயில் என்றால் கோபுரத்தைத் தேடுகிற எங்கட கண்ணுக்கு அது சின்னக் கட்டடம். சுவர் கருங்கல் இல்லை. ஊற்றுத் தண்ணீரில் படிந்து உண்டான சுண்ணக்கல். ஈரமாக இருக்கும்போது லேசாக வெட்டலாம், காய்ந்தால் இறுகும். சங்கானையில் முருகைக்கல்லால் கட்டிய பழைய தேவாலயத்தின் இடிந்த சுவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: கிட்டக் கிடைத்த கல்லைத்தான் எல்லா ஊராரும் எடுத்திருக்கினம். உள்ளே வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இருந்த பழைய சுவரோவியங்கள் 1874-75இல் வெளிப்பட்டன. அவை உதிரத் தொடங்கியதால் அதே மாதிரிப் புதிதாக வரைந்தார்கள்.

எனக்குப் பெரிய விசயம் நிலத்துக்குக் கீழே இருப்பதுதான். தேவாலயத்தின் இரு பக்கமும் இரண்டு பெரிய மண்மேடுகள். வடக்கு மேட்டுக்குள் 1820இல் மரத்தால் செய்த கல்லறை அறை ஒன்று கண்டார்கள். மரம் வெட்டியது 958-59இல் என்று வளையங்களை எண்ணிச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே ஆள் இல்லை. 1861இல் ஏழாம் பிரெடெரிக் மன்னர் தெற்கு மேட்டைத் தோண்டுவித்தார். அதில் கல்லறையே இல்லை.

பிறகு 1970களின் கடைசியில் தேவாலயத் தரையைத் தோண்டினால், பழைய மரக் கட்டடங்களின் தடயம், ஒரு குழி, ஒரு ஆணின் எலும்புகள், பொன் இழைகள். எலும்புகள் அடுக்கிய ஒழுங்கில் இல்லை, வேறெங்கோ இருந்து கொண்டுவந்து வைத்தது போல. அது கோர்ம் என்றும், புதுச் சமயத்துக்கு வந்த மகன் பழைய சமயத்தில் செத்த தகப்பனை மேட்டில் இருந்து எடுத்துவந்து தேவாலயத்துக்குள் வைத்தான் என்றும் அகழ்ந்தவர் கருதினார். எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் நம்பத்தான் விரும்புகிறேன். தாய் தகப்பனின் கடைசிக் கிரியைக்குப் போக முடியாமல் இஞ்ச இருந்து அழுதவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்?

2000ஆம் ஆண்டு அந்த எலும்புகளைத் திரும்பவும் தேவாலயத் தரைக்குள் அடக்கம் செய்தார்கள். மேடுகள், கற்கள், தேவாலயம் மூன்றும் 1994இல் உலக மரபுப் பட்டியலில் ஏறின. கற்களுக்கு 2011இல் கண்ணாடிக் கூடு போட்டார்கள்.

போகிறவர்கள் ஸ்ரேசனில் இறங்கி நடக்கலாம், தூரமில்லை. கற்கள் தேவாலயத்தின் தெற்கு வாசலுக்கு முன்னால் நிற்கின்றன. முதலில் பெரிய கல்லைச் சுற்றிவந்து பாருங்கோ, யேசுவின் பக்கம் ஒன்று, பாம்பு சுற்றிய மிருகத்தின் பக்கம் இன்னொன்று. பழைய கடவுச்சீட்டு கிடந்தால் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுங்கோ, ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.